ஐந்து சென்டிமீட்டர் குறைந்தால்

1662, 1932, 2172. ஃபியட் டுகாட்டோ வேனை வாங்கி, உள்ளே படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து நடமாடும் வீடாக மாற்ற நினைப்பவர் முதலில் எதிர்கொள்ளும் மூன்று எண்கள் இவை. சரக்கு அறையின் தரையிலிருந்து கூரை வரை உள்ள உயரம், மில்லிமீட்டரில். எச்1, எச்2, எச்3 என்று நிறுவனம் பெயரிட்டிருக்கும் மூன்று கூரைகள். இத்தாலியின் ஆட்டெஸ்ஸா ஆலையிலிருந்து வரும் இந்த வேனின் மீதுதான் ஐரோப்பாவின் கேம்பர் வண்டிகளில் பெரும்பகுதி கட்டப்படுகிறது. பெஜோ பாக்ஸரும் அமெரிக்காவின் ராம் புரோமாஸ்டரும் இதன் உடன்பிறப்புகள். படுக்கை எந்தப் பக்கம், பேட்டரி எத்தனை, ஜன்னல் எங்கே என்பதையெல்லாம் பாதி வேலையில்கூட மாற்றிக்கொள்ளலாம். கூரையை மாற்ற வேண்டுமானால் வண்டியை அறுக்க வேண்டும்.

எவ்வளவு உயரம் வேண்டும் என்று கேட்டால், பலரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: உள்ளே நிமிர்ந்து நிற்க முடிந்தால் நல்லது, கொஞ்சம் குறைந்தால் கொஞ்சம் குனிந்துகொள்ளலாம். இந்தப் பதிலின் பின்பாதி தவறு. கொஞ்சம் குறைவது கொஞ்சம் கஷ்டத்தைத் தருவதில்லை. உயரக் கணக்கில் மிக மோசமான இடமே அந்தக் ‘கொஞ்சம்’தான். ஏன் என்பதைப் பள்ளியில் படித்த கோணவியலே சொல்லிவிடும்.

175 செ.மீ. உயரமுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். சட்டைக் காலர் உட்காரும் இடத்தில், கழுத்தின் அடியில் விரலுக்குத் தட்டுப்படும் முள்ளெலும்பிலிருந்து உச்சந்தலை வரை அவருக்கு 30 செ.மீ. என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கூரை இடித்தால் மனிதர் முதலில் மடக்குவது இந்த 30 செ.மீ.யைத்தான். இதை ஒரு கம்பாக நினைத்துக்கொண்டால், சாய்க்கச் சாய்க்க அதன் உச்சி எவ்வளவு இறங்கும் என்பதைச் சாய்ந்த கோணத்தின் கொசைன் முடிவு செய்கிறது. கொசைன் வளைவு உச்சியில் தட்டையானது. 10 பாகை சாய்த்தால் கம்பின் நுனி அரை செ.மீ.கூட இறங்குவதில்லை. 2 செ.மீ. இறங்க வேண்டுமென்றால் 21 பாகை சாய வேண்டும். 5 செ.மீ. இறங்க 34 பாகை. 10 செ.மீ. இறங்க 48 பாகை. அதாவது முதல் 2 செ.மீ.க்கு 21 பாகை விலை. அடுத்த 8 செ.மீ.க்குச் சேர்த்தே 27 பாகைதான். தலை உண்மையில் கம்பு அல்ல, முன்னும் பின்னும் அகலமுள்ள உருண்டை. கழுத்தும் ஒரே கீல் அல்ல. அதனால் எண்கள் ஆளுக்கு ஆள் சற்று மாறும். ஆனால் குறைபாட்டின் தொடக்கமே விலை அதிகம் என்ற போக்கு யாருக்கும் மாறாது.

தலையின் எடை 4.5 முதல் 5 கிலோ. நிமிர்ந்திருக்கும்போது அது முதுகெலும்பின் மேல் பொருந்தி உட்கார்ந்திருக்கிறது. சாயும்போது அதன் ஈர்ப்பு மையம் முன்னால் போய்விட, கழுத்தின் பின்தசைகள் அதை விழாமல் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தசைகளுக்குக் கிடைக்கும் நெம்புகோல் சில செ.மீ. நீளம்தான் என்பதால், தலையின் எடையைப் போல் பல மடங்கு விசையோடு இழுக்க வேண்டும். இழுவிசை முழுவதும் எலும்புக்கும் டிஸ்குக்கும் அழுத்தமாகப் போய்ச் சேர்கிறது. நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் வெளியிட்ட கணக்கின்படி, நிமிர்ந்த நிலையில் 5 கிலோ அளவிலான சுமை, 15 பாகையில் 12 கிலோ, 30 பாகையில் 18 கிலோ ஆகிறது. கைபேசியைக் குனிந்து பார்ப்பவர்களை மனத்தில் வைத்துச் செய்த மாதிரிக் கணக்கு அது. உயிருள்ள கழுத்தில் அளந்ததல்ல. ஆனால் வேனின் கூரைக்குக் கீழே நிற்பவரின் நிலை இன்னும் கடினம். கைபேசியைக் கீழே வைத்துவிடலாம்.

கழுத்தை விட்டுவிட்டு இடுப்பை மடக்கினால்? அங்கே அளந்து பார்த்த எண்களே இருக்கின்றன. 1960-களில் ஸ்வீடனின் ஆல்ஃப் நாக்கெம்சன், மனிதர்களின் இடுப்பு டிஸ்குக்குள் ஊசி வழியாக அழுத்தத்தை அளந்தார். 1999-இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் ஹான்ஸ்-யோஆகிம் வில்கேயின் குழு, ஒரு தன்னார்வலரின் டிஸ்கில் அழுத்தமானியைப் பொருத்தி, அவர் அன்றாட வேலைகளைச் செய்யும்போதே பதிவு செய்தது. படுத்திருக்கும்போது 0.1 மெகாபாஸ்கல். இயல்பாக நிற்கும்போது 0.5. சாய்மானம் இல்லாமல் தளர்வாக உட்காரும்போது 0.46. நின்றபடி முன்னால் குனிந்தால் 1.1. உட்காருவது நிற்பதைவிட மோசமா இல்லையா என்பதில் இரு ஆய்வுகளும் வேறுபட்டன. குனிந்து நிற்பதே மோசம் என்பதில் இரண்டும் ஒத்துப்போயின.

முழங்காலை மடக்கலாமே என்பார்கள். தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நீளம் அதிகம் என்பதால் அங்கே 5 செ.மீ. இறக்குவது எளிதுதான், முழங்கால் ஏறத்தாழ 40 பாகை மடங்கினால் போதும். அந்த நிலையில் வெங்காயம் நறுக்கிப் பாருங்கள். தொடைத் தசைகள் சில நிமிடங்களில் எரியத் தொடங்கும்.

ஆக, உயரம் குறையக் குறையத் தொல்லை சீராக ஏறிக்கொண்டே போவதில்லை. கூரை 140 செ.மீ.யில் இருக்கும் வேனுக்குள் யாரும் நிற்க முயல்வதே இல்லை. நுழைந்தவுடன் உட்கார்ந்துவிடுகிறார்கள், சமையலும் உட்கார்ந்தே நடக்கிறது, முதுகு பிழைத்துக்கொள்கிறது. கூரை 185 செ.மீ.யில் இருந்தால் நம் 175 செ.மீ. மனிதர் நிமிர்ந்து நடக்கிறார். இடையில் 170 செ.மீ. கூரை இருக்கிறதே, அதுதான் பொறி. நிற்க முடியும் என்று தோன்றும். ஆகவே நிற்பார், குனிந்தபடி, நாள் முழுக்க.

ஜப்பானிய அரசின் வாகனப் பதிவு விதி இந்த உண்மையை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறது. ஒரு வண்டியை கேம்பிங் வாகனமாகப் பதிய, சமையல் மேடைக்கு முன்னால் தரையிலிருந்து 1600 மி.மீ. உயரம் இருக்க வேண்டும். ஆனால் மேடை 850 மி.மீ.க்கு மேற்படாமல் தாழ்வாக இருந்தால் 1200 மி.மீ. போதும். ஒன்று நின்று சமை, இல்லையேல் உட்கார்ந்து சமை என்று இரண்டு நிலைகளையும் தனித்தனியே ஏற்றுக்கொள்கிறது. 1600 என்பது இன்றைய இளைஞர்களுக்குப் போதாது என்பது வேறு விஷயம்.

உங்கள் உயரம் என்ன என்ற கேள்விக்கு வருவோம். அது ஒரே எண் அல்ல. முதுகெலும்பின் டிஸ்குகள் நீரில் ஊறிய திசுக்கள். இரவில் படுத்திருக்கும்போது அவை நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. பகலில் உடலின் எடை அந்த நீரை மெல்லப் பிழிந்தெடுக்கிறது. ஒரு நாளுக்குள் உயரம் ஏறத்தாழ 1 சதவீதம் மாறுகிறது. 175 செ.மீ. மனிதருக்கு அது 2 செ.மீ.யை நெருங்கும். அந்தக் குறைவில் பாதிக்கு மேல் எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. வேனுக்குள் நாம் அதிகம் நின்று புழங்கும் நேரமும் அதுவே: பல் துலக்க, காப்பி போட, உடை மாற்ற. எனவே உயரத்தைக் காலையில் எழுந்தவுடன் அளக்க வேண்டும். மாலையில் அளந்து வாங்கிய கூரை காலையில் இடிக்கும்.

அதன் மேல் காலணி. சாதாரணமாக 2.5 செ.மீ. குளிர் நாடுகளில் வேனுக்குள் வெறுங்காலோடு நிற்பவர் குறைவு. நடக்கும்போது தலை ஏறி இறங்குமே, அதற்குத் தனி இடம் விட வேண்டாமா என்று கேட்கலாம். தேவையில்லை. நடையில் தலை 4, 5 செ.மீ. அசைவது உண்மை. ஆனால் உடல் ஒற்றைக் காலின் மேல் நேராகக் கடந்துபோகும் கணத்தில்தான் தலை மிக உயரத்தில் இருக்கிறது, அப்போதும் அது ஏறத்தாழ நின்ற உயரமே. இரு காலும் எட்டி ஊன்றிய கணத்தில் கீழே இறங்குகிறது. அசைவு முழுவதும் நின்ற உயரத்துக்குக் கீழேயே நடந்துவிடுகிறது. ஆனாலும் முடியைக் கூரை உரசினால் மனிதர் தன்னையறியாமல் கழுத்தைச் சுருக்கிக்கொள்வார். அதற்காக 3 செ.மீ. விட்டுவிடுவது என் கணக்கு. காலை உயரம், கூட்டல் 2.5, கூட்டல் 3. நம் மனிதருக்கு 180.5 செ.மீ. வேலை முடிந்த பிறகு, தரை விரிப்பிலிருந்து உள்கூரையின் பலகை வரை இருக்க வேண்டிய உயரம் இது.

‘வேலை முடிந்த பிறகு’ என்பதில்தான் பலருடைய கனவு இடிக்கிறது. எச்2-வின் 1932 என்பது வெறும் தகரக் கூடு. தரையில் 20 மி.மீ. நுரைப் பலகை, அதன் மேல் 12 மி.மீ. பிளைவுட், அதன் மேல் 2 மி.மீ. வினைல் விரிப்பு: மொத்தம் 34. மேலே 30 மி.மீ. வெப்பக்காப்பும், பலகையும் அதைத் தாங்கும் சட்டமுமாக இன்னொரு 10: மொத்தம் 40. கழித்தால் மீதி 1858. நம் மனிதருக்கு 5 செ.மீ. உபரி. 185 செ.மீ. உயரமுள்ள இளைஞருக்கு 190.5 வேண்டும், 5 செ.மீ. பற்றாக்குறை. அதே பழைய 34 பாகை.

இங்கே அவசரப்பட்டு எச்3-க்குத் தாவ வேண்டாம். முதலில் காப்பின் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அது கழுத்தின் கணக்குக்கு நேர் எதிர்த் திசையில் ஓடுகிறது.

ஒரு சதுர மீட்டர் கூரை வழியாக, ஒவ்வொரு பாகை வெப்ப வேறுபாட்டுக்கும் எத்தனை வாட் வெளியேறுகிறது என்பதுதான் யு மதிப்பு. வெறும் தகரத்துக்கு அது 7-ஐ ஒட்டி இருக்கிறது. தகரம் வெப்பத்தைத் தடுப்பதே இல்லை. அதன் இருபுறமும் ஒட்டியிருக்கும் காற்றுப்படலம்தான் கொஞ்சம் தடுக்கிறது. 10 மி.மீ. நுரைக்காப்பு ஒட்டினால் 7 என்பது 2.3 ஆகிவிடுகிறது. 20 மி.மீ.யில் 1.4. 30 மி.மீ.யில் 1.0. 50 மி.மீ.யில் 0.6. முதல் செ.மீ. மூன்றில் இரண்டு பங்கு வெப்பத்தைப் பிடித்து நிறுத்துகிறது. கடைசி 2 செ.மீ. பிடிப்பது மிகச் சொற்பம். எவ்வளவு சொற்பம்? வசிக்கும் பகுதியின் கூரை 3.7 மீட்டர் நீளமும் 1.8 மீட்டர் அகலமும் என்று வைத்துக்கொண்டால் 6.7 சதுர மீட்டர். வெளியே 0 பாகை, உள்ளே 20. காப்பை 30-லிருந்து 50 மி.மீ.க்கு உயர்த்தினால் மிச்சமாவது ஏறத்தாழ 50 வாட். தூங்கும் ஒரு மனித உடல் வெளிவிடும் வெப்பத்தைவிட இது குறைவு. கேம்பர்களில் வழக்கமாகப் பொருத்தும் சிறிய டீசல் ஹீட்டரின் திறன் 2000 வாட்.

குனியும் கணக்கில் முதல் செ.மீ.தான் மிகவும் வலிக்கும். காப்புக் கணக்கில் கடைசி செ.மீ.தான் மிகக் குறைவாக உதவும். எனவே இரண்டும் மோதும் இடத்தில் செ.மீ.யைக் காப்பிடமிருந்து பறித்துத் தலைக்குக் கொடுப்பதே சரி. ‘கூரை வழியாகத்தான் வெப்பம் போகும், அங்கே கஞ்சத்தனம் கூடாது’ என்று 50, 60 மி.மீ. அடைப்பவர்கள், நிற்கும் பாதைக்கு மேலாவது 20-ஓடு நிறுத்திக்கொள்ளலாம். ஓரங்களில், யாரும் நிற்காத இடத்தில், விருப்பம்போல அடைக்கட்டும். ஒன்றை மட்டும் விடக்கூடாது: கூரையின் குறுக்கே ஓடும் இரும்பு விலாக்களின் மேல் மெல்லிய காப்பாவது இருக்க வேண்டும். இரும்பு மரத்தைவிடப் பல நூறு மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். குளிர்ந்த விலாவில் மூச்சுக்காற்றின் ஈரம் படிந்து, இரவு முழுக்கப் பலகைக்குப் பின்னால் சொட்டி, துருவும் பூஞ்சையும் அங்கிருந்துதான் தொடங்கும்.

தரைக்கும் இதே நியாயம். 12 மி.மீ. பிளைவுட்டை 9 ஆக்கலாம். நுரைப் பலகை கெட்டியாக இருந்து எல்லா இடத்திலும் தாங்கினால் பலகை வளையாது. இப்படித் தரையில் 8, கூரையில் 12 என்று தேடிப் பிடித்தால் 20 மி.மீ. கிடைத்துவிடும். அதன் விலை, கழுத்துக் கணக்கில், 21 பாகை.

இவ்வளவு செய்தும் போதாதவர்களுக்கு எச்3. வெளி உயரம் 2764 மி.மீ. எச்2-வுக்கு 2524, எச்1-க்கு 2254. மூன்றிலும் வெளி உயரத்திலிருந்து உள் உயரத்தைக் கழித்துப் பாருங்கள்: மூன்றும் 592. அதாவது சாலையிலிருந்து தரை வரை உள்ள உயரமும் கூரைத் தகட்டின் தடிமனும் சேர்ந்தது அது. டுகாட்டோவின் எஞ்சின் முன்சக்கரங்களைச் சுழற்றுவதால், பின்சக்கரத்துக்குப் போகும் நீண்ட சுழல்தண்டு தரைக்குக் கீழே கிடையாது. தரையைத் தாழ்வாக அமைக்க முடிந்தது. அதே வெளி உயரத்தில் அதிகம் நிற்கும் உயரம் கிடைக்கிறது. கேம்பர் கட்டுவோர் இந்த வேனை விரும்பக் காரணங்கள் பல. இது அவற்றில் முக்கியமானது.

எச்2-விலிருந்து எச்3-க்கு ஏறும் 24 செ.மீ.க்கு என்ன விலை? காற்றைக் கிழிக்கும் முகப்பின் பரப்பு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அந்தக் கூடுதல் பரப்பைத் தள்ள சுமார் 2 கிலோவாட் தேவை; 60 கி.மீ. வேகத்தில் அரை கிலோவாட்கூட வேண்டாம். காற்றுத்தடையை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடியாக ஏறுவதால் இந்த வித்தியாசம். நெடுஞ்சாலையில் பறப்பவருக்கு இது டீசல் செலவு. மலைப்பாதையில் மெதுவாகப் போய் ஒரே இடத்தில் ஒரு வாரம் தங்குபவருக்கு இது ஒன்றுமேயில்லை.

குளிர்காலத்தில் வெப்பப்படுத்த வேண்டிய காற்று கூடிவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கூடுவது 1.6 கன மீட்டர். அந்தக் காற்றை 20 பாகை சூடேற்றத் தேவைப்படும் ஆற்றல் 10 வாட்மணி அளவுதான். சுவரின் பரப்பு 2.6 சதுர மீட்டர் கூடுகிறதே, அதுதான் கணக்கு. அதன் வழியே 70 வாட்டுக்குச் சற்று மேல் தொடர்ந்து வெளியேறும். சூடான காற்று மேலே தேங்கிக் கால் சில்லிடும் தொல்லையும் உண்டு, அதை ஒரு சிறு மின்விசிறி தீர்க்கும்.

பக்கக்காற்றுதான் எனக்குக் கவலை தருவது. 6 மீட்டர் நீள வண்டியில் 24 செ.மீ. என்பது ஏறத்தாழ 1.4 சதுர மீட்டர் புதிய பாய்மரம், அதுவும் நெம்புகோல் மிக நீளமாக இருக்கும் உச்சியில். பாலத்தின் மேல் திடீரென்று அடிக்கும் காற்றில் ஓட்டுநரின் கை அதை உடனே உணரும். ஈர்ப்பு மையம் உயர்ந்துவிடும் என்ற அச்சம் மட்டும் பாதியே நியாயமானது. ஒரு மி.மீ.கூட இல்லாத தகடு கூடுதலாக 24 செ.மீ. உயர்வதால் பெரிய எடை சேர்வதில்லை. சேர்ப்பது நாம். உயரக் கூரை கிடைத்ததும் அங்கே அலமாரி மாட்டி, அரிசி, டின்கள், புத்தகம், கருவிப்பெட்டி என்று 60 கிலோ ஏற்றிவிடுவோம். 3 டன் வண்டியில் அந்த 60 கிலோ மட்டுமே ஈர்ப்பு மையத்தை 3 செ.மீ. உயர்த்திவிடும். உயரக் கூரையை வாங்குபவர் அதைக் காலியாக விடும் மனவுறுதியையும் சேர்த்து வாங்க வேண்டும்.

வெளியுலகம் உயரத்துக்கு விதிக்கும் விலை படிகளாக இருக்கிறது. பிரான்ஸின் சுங்கச் சாலைகளில் 2 மீட்டர் வரை முதல் வகை; 2 முதல் 3 மீட்டர் வரை இரண்டாம் வகை. எச்1, எச்2, எச்3 மூன்றும் இரண்டாம் வகைதான். ஐரோப்பிய நகரங்களின் அடுக்கு வாகன நிறுத்தங்களில் குறுக்குக் கம்பம் பெரும்பாலும் 2 மீட்டரை ஒட்டித் தொங்குகிறது, 2254 மி.மீ. எச்1-ம் உள்ளே போகாது. ஆக எச்1 வாங்குபவர் வெளியே எந்தச் சலுகையும் பெறாமல், உள்ளே 1662-இல் காப்பும் தரையும் போக 159 செ.மீ.யில் குனிந்து வாழ்கிறார். வெளியிலும் உள்ளிலும் இடைப்பட்ட உயரமே தோற்கிறது.

உண்மையிலேயே தாழ்வாக இருக்க விரும்புபவருக்கு வழி வேறு. ஃபோக்ஸ்வாகனின் கலிஃபோர்னியா வண்டி கூரை மூடியிருக்கும்போது 1.99 மீட்டர். அந்த எண் தற்செயலானதல்ல. 2 மீட்டர் படிக்குக் கீழே நிற்க வேண்டும் என்பதற்காகவே அப்படி. நிறுத்திய பிறகு கூரை மேலெழும்பும், துணிச் சுவர் விரியும், உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். 1950-களில் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் நகரில் மார்ட்டின் வால்டர் நிறுவனம் தயாரித்த டார்மொபைல் வண்டிகளால், பக்கவாட்டில் கீல் வைத்துத் திறக்கும் கோடுபோட்ட துணிக்கூரை புகழ்பெற்றது. ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனமும் ஃபோக்ஸ்வாகன் வேன்களுக்கு இதே தேவைக்காகப் பல வகை மேலெழும் கூரைகளைச் செய்தது. அதற்கும் முன்பே, பிரிட்டனின் ரோமானி மக்கள் தங்கள் குதிரை வண்டி வீடுகளில் கூரையின் நடுப்பகுதியை மட்டும் உயர்த்தி, அதன் இருபுறமும் சிறு சாளரங்கள் வைத்திருந்தார்கள். நிற்பது நடுவில் மட்டும்தானே, உயரமும் அங்கே மட்டும் போதும் என்ற எளிய அறிவு அது. இன்றைய பொறியாளர்களின் தீர்வுகளில் எனக்கு இதைவிடப் பிடித்தது வேறில்லை.

மேலெழும் கூரையின் பலவீனம் அதன் துணி. யு மதிப்பு ஏறத்தாழ வெறும் தகரத்தினுடையதே. கோடை இரவுக்கு அருமை, பனிக்காலத்துக்கு ஆகாது. சாதாரண வேனை அறுத்து இதைப் பொருத்துபவர் இன்னொன்றையும் அறிய வேண்டும்: வேனின் உடல் ஒரு மூடிய பெட்டி, அதன் முறுக்கத்தைத் தாங்குவதில் கூரைக்கும் குறுக்கு விலாக்களுக்கும் பங்கு உண்டு. அவற்றை வெட்டியபின் திறப்பைச் சுற்றி எஃகுச் சட்டம் வைக்காவிட்டால், மேடுபள்ளத்தில் உடல் முறுக்கிக் கதவு சரியாக மூடாமல் போகும். மோதல் நேர்ந்தால் விளைவு அதைவிட மோசம்.

நிற்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். படுக்கையில் எழுந்து உட்காருவதையும் இதே கூரைதான் முடிவு செய்கிறது. டுகாட்டோவின் உள்ளகலம் 1870 மி.மீ. என்பதால் பின்பக்கம் குறுக்காகப் படுக்கை போட்டு, அதற்கடியில் பெட்டிகளும் சைக்கிளும் வைப்பது வழக்கம். கட்டில் 90 செ.மீ., மெத்தை 12 என்றால், எச்2-வில் மேலே மீதி 84 செ.மீ. உட்கார்ந்த மனிதரின் உயரம் அவரது மொத்த உயரத்தில் ஏறத்தாழ 52 சதவீதம். 175 செ.மீ.க்கு 91. நிமிர்ந்து உட்கார முடியாது. புத்தகம் படிப்பது, குழந்தைக்குப் பால் கொடுப்பது, நள்ளிரவில் எழுவது எல்லாம் கூன்போட்டபடிதான். கட்டிலை 10 செ.மீ. தாழ்த்தினால் தீர்ந்தது, சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி வைக்க வேண்டியிருக்கும். நடைபாதையில் நிற்கும் உயரத்தை அளந்து அளந்து பார்ப்பவர்கள் இதை மறந்துவிடுவது வழக்கம். எட்டு மணி நேரம் இருக்கப்போவது இங்கேதான்.

யாருக்காக இந்த அளவுகள் என்பதையும் கேட்க வேண்டும். என்சிடி-ரிஸ்க் என்ற உலகளாவிய ஆய்வுக் கூட்டமைப்பு, 1996-இல் பிறந்தவர்கள் வளர்ந்தபின் எட்டிய உயரத்தை நாடுவாரியாக 2016-இல் வெளியிட்டது. டச்சு ஆண்களின் சராசரி 182.5 செ.மீ.; லாட்வியப் பெண்கள் 169.8, குவாதமாலாப் பெண்கள் 149.4. இந்திய ஆண்கள் 165-ஐ ஒட்டி. ஐரோப்பியக் கையேடுகள் ‘குறைந்தது 190 செ.மீ. வேண்டும்’ என்று சொல்வது டச்சுக்காரருக்கு நியாயம். 165 செ.மீ. உயரமுள்ள நம் ஊர்க்காரருக்கு, அதே சூத்திரப்படி, 170.5 செ.மீ. போதும். கையேட்டை நம்பி அவர் வீணாக 20 செ.மீ. உயரத்தைச் சுமந்து திரிய வேண்டாம். சராசரியை வைத்து முடிவு செய்யவும் கூடாது: வண்டியில் வழக்கமாகப் போகிறவர்களில் உயரமானவர் யாரோ அவருக்குத்தான் கூரை. சமையல் மேடை மட்டும் சமைப்பவருக்கு. முழங்கையின் உயரம் மொத்த உயரத்தில் ஏறத்தாழ 63 சதவீதம். மேடை அதற்கு 10 முதல் 15 செ.மீ. கீழே இருந்தால் தோளும் முதுகும் நோகாது. 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு 86 முதல் 91 செ.மீ. கூரை எவ்வளவு உயர்ந்தாலும், மேடை தாழ்ந்திருந்தால் முதுகு குனியத்தான் செய்யும்.

எத்தனை நிமிடம் நிற்கப் போகிறோம் என்பதும் ஊருக்கு ஊர் வேறு. ஸ்பெயினின் கோடையில் அடுப்பு வெளியே போய்விடுகிறது. வேன் தூங்க மட்டும். அங்கே தாழ்ந்த கூரை பெரிய குறையில்லை. ஸ்காட்லாந்திலோ நார்வேயின் மேற்குக் கரையிலோ மூன்று நாள் மழையில் அடைந்து கிடந்தால், நிமிர்ந்து நின்று கால்சட்டை மாட்டிக்கொள்வதே பெரும் நிம்மதி. முழங்கால் தேய்ந்த முதியவர்களுக்கு, உட்கார்ந்து எழுவதே வலி. அவர்களுக்கு ‘உட்கார்ந்தே வாழலாம்’ என்ற தாழ்ந்த கூரையின் வழி பொருந்தாது. அவர்கள் டீசலைப் பார்க்காமல் உயரக் கூரையையே வாங்க வேண்டும்.

வாங்குமுன் வேனின் உள்ளே போய் நின்று பார்ப்பது மட்டும் போதாது. காலியான வேன் எப்போதும் தாராளமாகத் தோன்றும். வீட்டில் இரண்டு பீரோக்களுக்கு மேல் ஒரு பலகையைப் போட்டு, அடியில் அட்டையை அடுக்கி, கணக்கிட்டு வந்த உயரத்துக்குக் கொண்டுவந்து, அதற்குக் கீழே ஒரு முழுச் சமையலின் காய்கறியை நறுக்குங்கள். காலையில், செருப்போடு. பலகையை நடுவில் மட்டும் வைத்தால் போதாது. பாத்திரம் தேய்க்க முன்னால் சாயும்போது தலை ஒரு சாண் அளவு முன்னே போகிறது. வேனில் அந்த இடத்தில் கூரை சுவரை நோக்கி வளையும், மேல் அலமாரியின் விளிம்பும் அங்கேதான் நெற்றிக்கு நேராக வரும். தொட்டிக்கு மேலே அலமாரி வேண்டாம். பக்கக் கதவின் வாய் எச்2-விலும் 1755 மி.மீ.தான் என்பதால், உள்ளே நிமிர்ந்து நிற்பவரும் நுழையும்போது தலை தாழ்த்த வேண்டும். அந்த விளிம்பில் மெத்தென்ற ரப்பர் ஒட்டிவிடலாம்.

காற்றோட்டத்துக்காகக் கூரையில் வெட்டும் சாளரத்தின் திறப்பு ஐரோப்பிய அளவில் 400-க்கு 400 மி.மீ. அதற்குள் காப்பும் பலகையும் கிடையாது. கூரையிலேயே அதிக உயரம் கிடைக்கும் இடம் அது. பெரும்பாலான வரைபடங்களில் அதைக் கூரையின் நட்டநடுவில் அழகுக்காக வைத்துவிடுகிறார்கள். அடுப்புக்கு முன்னால், உயரமானவர் நின்று உடை மாற்றும் இடத்துக்கு நேர் மேலே வெட்ட வேண்டும். சமையல் ஆவியும் அப்படியே வெளியேறும், 3, 4 செ.மீ. உயரமும் செலவில்லாமல் கிடைக்கும். விலாவின் இடம் ஒத்துவராவிட்டால், சாளரத்தை நகர்த்தாமல் அடுப்பை நகர்த்துங்கள். மரவேலை தொடங்கும் முன் அதற்குக் காகிதத்தில் ஒரு கோடு அழிப்பதைத் தவிர வேறு செலவில்லை.